வழக்கு நடக்கும்போதே கைமாறும் வீடு

பெங்களூருவின் வடக்குப் பகுதியில் உள்ள ஒரு வீட்டைப் பற்றிய வழக்கில் 2020 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணத்துக்குச் சில மாதங்கள் முன்பு கணவர் தன் பெயரில் வாங்கிய சொத்து அது. 2006இல் அதைத் தன் தந்தைக்குக் கிரயம் செய்து கொடுத்தார். கணவன் மனைவி பிணக்கு முற்றிய நிலையில், 2010இல், தந்தை அதைத் தன் மனைவிக்குத் தானமாக எழுதிவைத்தார். பிறகு மாமனாரும் மாமியாரும் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் கையிலெடுத்து, மருமகளையும் பேத்தியையும் வீட்டைவிட்டு வெளியேற்றும்படி மனுச் செய்தார்கள். உதவி ஆணையர் அப்படியே உத்தரவிட்டார். கர்நாடக உயர் நீதிமன்றமும் அதில் குறை காணவில்லை. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, மாமியார் மூத்த குடிமகள், எனவே மருமகள் வெளியே போக வேண்டும் என்ற கணக்கில், பத்திரங்களை மட்டும் பார்ப்பவருக்கு எந்தப் பிழையும் தெரியாது.

உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பத்திரங்களுக்கு அப்பாலும் பார்த்தது. முதியோரைக் காக்க வந்த சட்டத்தை, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் தந்த குடியிருப்பு உரிமையை அழிக்கும் குறுக்குவழியாக்க முடியாது என்று கூறி, வெளியேற்ற உத்தரவை ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் உரிய நீதிமன்றத்தில் தன் பரிகாரத்தைத் தேடிக்கொள்ளும் வரை, ஓராண்டுக்கு, அவரைப் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது, வீட்டை விற்கக் கூடாது, அதில் மூன்றாம் நபருக்கு எந்த உரிமையும் உண்டாக்கக் கூடாது என்று தடை விதித்தது.

அந்தக் கடைசி உத்தரவை நாம் மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறோம். விற்காதே, அடகு வைக்காதே, பிறர் பெயருக்கு மாற்றாதே என்று சொல்வதற்குப் பெரிய சட்ட ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பிணக்கு நீதிமன்ற வாசலை மிதித்த முதல் வாரத்திலேயே ஒரு குடும்ப நீதிமன்ற நீதிபதி அதைச் சொல்லியிருக்க முடியும். அந்தப் பெண்ணுக்கு அது கிடைத்ததோ நாட்டின் கடைசி நீதிமன்றத்தில், தானப் பத்திரம் பதிவாகிப் பத்து ஆண்டுகள் கழித்து. டெல்லி வரை போக வசதியும் மனவலிமையும் இல்லாத பெண்கள் எத்தனை பேர் என்று இந்த நாட்டில் யாரும் கணக்கெடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கிறது என்பது சார் பதிவாளர் அலுவலகத்தின் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கே தெரியும். மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், வக்கீல் நோட்டீஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் எழுதப்படுவது தாய்க்கோ தந்தைக்கோ ஒரு தான செட்டில்மென்ட் பத்திரம். குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையிலும் சலுகை உண்டு. அடுத்து, அண்ணனுக்கோ நண்பருக்கோ முன்தேதியிட்ட புரோநோட்டு. அதன் பேரில் ஒரு வழக்கு, எதிர்ப்பே இல்லாமல் ஒரு தீர்ப்பாணை, வீட்டின் மீது ஒரு ஜப்தி. மகன் மீது தந்தையே பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, மகன் மறுபேச்சின்றி விட்டுக்கொடுப்பதும் உண்டு. லாக்கர் காலியாகிறது. சீதன நகை அடகுக்கடைக்குப் போய் மீட்கப்படாமல் ஏலத்தில் மூழ்குகிறது. வைப்புத்தொகை முதிர்வுக்கு முன்பே உடைக்கப்படுகிறது. ஆயுள் காப்பீட்டில் மனைவி பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் ஏறுகிறது. வழக்கு விசாரணைக்கு வரும்போது கணவர் ஒரு சாதாரண ஊழியர், சொந்தமாகக் கையகல நிலமும் இல்லாதவர், கடனாளி. அவரது பிரமாணப் பத்திரம் அப்படித்தான் சொல்லும்.

இதைச் சாமர்த்தியம் என்று உறவினர்கள் மெச்சுகிறார்கள். சில வழக்கறிஞர்களும், பெயர் சொல்லாமல், முன்னெச்சரிக்கை என்று யோசனை தருகிறார்கள். நாம் இதை வேறு விதமாகத்தான் பார்க்கிறோம். நாளை நீதிமன்றம் மனைவிக்கும் குழந்தைக்கும் உரியது என்று சொல்லக்கூடிய ஒன்றை, அந்தத் தீர்ப்பு வருவதற்குள் எடுத்து ஒளித்துவைப்பது களவு. களவாடப்படுவது ஒரு பெண்ணின் பங்கு மட்டுமல்ல, நீதிமன்றத்தின் அதிகாரமும்தான். பத்திரத்தில் பெயரைக் கொடுத்த தாயும் தம்பியும், பணமே கைமாறவில்லை என்று தெரிந்தே சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் இந்தக் குற்றத்தின் பங்காளிகள். பிள்ளைப் பாசம் இதற்குச் சமாதானம் ஆகாது. ஏனென்றால் சோறு போகப்போவது பேரப்பிள்ளையின் தட்டிலிருந்து.

சட்டத்தில் இதற்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடலில் விழும் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பெண்ணுக்கு உரிமையோ பங்கோ உள்ள சொத்தை விற்பதையும் மாற்றுவதையும் பொருளாதார வன்கொடுமை என்றே அது வரையறுக்கிறது. அதன் 18ஆம் பிரிவின்படி, சீதனம் உட்பட எந்தச் சொத்தையும் அனுமதியின்றி மாற்றக் கூடாது, வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது என்று நடுவர் தடை விதிக்கலாம். சொத்து கணவரின் தனிப் பெயரில் இருந்தாலும் இந்தத் தடை பொருந்தும். 19ஆம் பிரிவு குடியிருக்கும் வீட்டை விற்பதையும் அடகு வைப்பதையும் தடுக்கிறது. 23ஆம் பிரிவு எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போட அதிகாரம் தருகிறது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. இவை யாவும் எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணுக்கும் உரியவை. பலர் கவனிக்கத் தவறுவது 26ஆம் பிரிவு. இந்தப் பரிகாரங்களைக் கேட்க நடுவர் மன்றத்துக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை, குடும்ப நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கிலேயே கேட்கலாம் என்கிறது அது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் தம்பதியின் சொத்து பற்றிய வழக்கை விசாரிக்கவும், மணவாழ்க்கை சார்ந்த விஷயங்களில் தடை உத்தரவு போடவும் அந்த நீதிமன்றத்துக்கு வெளிப்படையாக அதிகாரம் தந்திருக்கிறது.

அப்படியிருந்தும் வீடுகள் கைமாறுகின்றன. அதற்கு முதல் காரணம், இந்த அதிகாரங்கள் ஒரே சட்டத்தில் ஒரே இடத்தில் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பதினைந்து ஆண்டுகள் இருவர் சம்பளத்திலும் தவணை கட்டிய அடுக்குமாடி வீடு அதற்குள் அடங்காது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்த 25ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்தக் கட்டம் வரும்போது சொத்து இருந்தால்தானே? வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதுவும் அந்தச் சொத்தின் மீதான உரிமையே வழக்கின் நேரடிப் பொருளாக இருந்தால்தான். வெறும் விவாகரத்து மனுவில் வீட்டைப் பற்றிய கேள்வி எழுவதே இல்லை என்பதால், விற்பவரை அந்தப் பிரிவு தொடுவதில்லை.

இரண்டாவது காரணம் நீதிமன்றங்களின் தயக்கம். அதை மென்மையாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. சொத்தை விற்கப் போகிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று மனைவியிடம் கேட்கிறார்கள். விற்கப் போகிறவர் அறிவித்துவிட்டா விற்பார்? மனைவிக்கு அது தெரியவருவது பெரும்பாலும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும்போது. அதற்குள் பத்திரம் பதிவாகிவிட்டிருக்கும். அப்போது போனால், இனி தடை போட்டு என்ன பயன், செட்டில்மென்டை ரத்து செய்யத் தனி உரிமையியல் வழக்குப் போடுங்கள் என்ற பதில் கிடைக்கிறது. சீக்கிரம் வந்தவளிடம் ஆதாரம் இல்லை, ஆதாரத்தோடு வந்தவள் தாமதித்துவிட்டாள். இந்த இரண்டு பதில்களையும் சொல்வது ஒரே நீதிமன்ற வளாகம்தான். நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டம் சொல்கிறது. அப்படி முடிந்த வழக்கை விரல்விட்டு எண்ணலாம் என்பது குடும்ப நீதிமன்றத்தின் மர பெஞ்சில் காத்திருந்த எவருக்கும் தெரியும். வழக்கு இழுக்க இழுக்க, ஒளிப்பவருக்குக் கால அவகாசம் கூடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று இதற்கு ஒரு பாதி மருந்து தந்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பொய் சொன்னால் பொய்ச் சாட்சிய நடவடிக்கை. இழுத்தடித்தால் எதிர்வாதத்தையே தள்ளிவிடலாம். நல்ல உத்தரவு. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், கீழமை நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றவில்லை என்று அதே உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டு, தீர்ப்பின் நகலை மறுபடியும் நாடு முழுக்க அனுப்பிவைக்க நேர்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்கே ஞாபகக் கடிதம் எழுத வேண்டியிருப்பதைப் பற்றி நாம் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு குறையும் உண்டு. சொத்தை வெளிப்படுத்துவது வேறு, காப்பது வேறு. பட்டியலைத் தாக்கல் செய்துவிட்டு மறுநாளே அதில் உள்ளதை விற்றால், பட்டியல் பொய்யாவதில்லை, வெறும் பழங்கணக்காகிவிடுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் விவாகரத்து வழக்கின் அழைப்பாணையிலேயே சொத்துத் தடை உத்தரவு அச்சாகி வருகிறது. மனுதாரரை மனுப் போட்ட நாளிலிருந்தும் எதிர்மனுதாரரை அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்தும் அது கட்டுப்படுத்தும். யாரும் கேட்க வேண்டியதில்லை, எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அன்றாடத் தொழில், குடும்பச் செலவு, வழக்கறிஞர் கட்டணம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. காப்பீட்டில் பயனாளியின் பெயரைக்கூட மாற்ற முடியாது. நியூயார்க் மாநிலம் 2009 செப்டம்பரில் இதே முறைக்கு வந்தது. இங்கிலாந்துச் சட்டம் பின்னோக்கியும் பார்க்கிறது. பரிகாரம் கேட்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் நடந்த சொத்து மாற்றம் வாழ்க்கைத் துணையின் கோரிக்கையை முறியடிப்பதாக அமைந்தால், அந்த நோக்கத்துடனேயே அது செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அப்படியல்ல என்று காட்டுவது மாற்றியவரின் பொறுப்பு. 1973ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோவாவில், போர்ச்சுகீசியர் காலத்து உரிமையியல் சட்டத்தின்படி, மனைவியின் சம்மதமின்றிக் கணவரோ, கணவரின் சம்மதமின்றி மனைவியோ அசையாச் சொத்தை விற்க முடியாது. அதனால் கோவாவில் வீட்டு விற்பனை நின்றுபோய்விடவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் சில நியாயமானவை. தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்குவது கடுமையான, அசாதாரணமான அதிகாரம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. பணத் தகராறு பற்றிய வணிக வழக்கில் சொல்லப்பட்டது அது என்றாலும், அதன் எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. திருப்பூரில் பனியன் பட்டறை நடத்துபவரின் நடப்புக் கணக்கை மொத்தமாக முடக்கினால் சனிக்கிழமை கூலி வாங்க நிற்கும் தொழிலாளிக்கு என்ன பதில்? வாழ்நாள் சேமிப்பில் பெற்றோர் கட்டிய வீட்டை, மகன் அங்கே குடித்தனம் நடத்தினான் என்பதற்காக அவர்கள் கையைக் கட்டிப்போடும் கருவியாக்குவதும் அநியாயம். மனைவியர் அனைவரும் குற்றமற்றவர்கள் என்றும் நாம் வாதிடவில்லை. கூட்டுக் கணக்கைத் துடைத்துக்கொண்டு போனவர்களும், கணவர் அனுப்பிய பணத்தில் தம்பி பெயரில் மனை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சீதனம் பெண்ணுடையது, அதில் கணவருக்குக் கூட்டுரிமை இல்லை என்பது 1985 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லும் நிலைப்பாடு. அந்த ஒன்றைத் தவிர, மற்றச் சொத்துகள் மீதான தடை இருவருக்கும் ஒரே அளவில் பொருந்த வேண்டும்.

ஆனால் இந்த வாதங்கள் உத்தரவு எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றன. உத்தரவே வேண்டாம் என்பதற்கு அவை காரணமாகா. இருப்பதை இருந்தபடியே வைத்திரு என்பதால் யாருடைய சொத்தும் பறிபோவதில்லை. உரிமையாளர் உரிமையாளராகவே நீடிக்கிறார், வாடகை வாங்குகிறார், தொழில் நடத்துகிறார். அவசரச் செலவுக்கு விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, விற்ற தொகையில் ஒரு பகுதியை வைப்பாகக் கட்டிவிட்டு விற்கலாம். நேர்மையானவருக்கு இதனால் நேரும் இழப்பு சில மாத அசௌகரியம். உத்தரவு இல்லாததால் எதிர்த்தரப்புக்கு நேரும் இழப்பு ஒரு வீடு. தவறு நேர்ந்தால் எந்தப் பக்கம் நேரட்டும் என்பதே நீதிபதியின் முன்னுள்ள கேள்வி. அதில் நமக்கு ஐயமில்லை.

இதற்கு அடியில் இன்னும் பழைய பிரச்சினை ஒன்று இருக்கிறது. மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து யாருடையது என்று இந்தியச் சட்டம் இன்றுவரை தெளிவாகச் சொல்லவில்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவருடையது, அவ்வளவுதான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பிய கணவருக்கும் இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் இடையே எழுந்த சொத்து வழக்கில், மனைவியின் வீட்டு உழைப்பும் அந்தச் சொத்து சேரக் காரணம், அவருக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதைச் சொல்வதற்கு நேரடியான சட்டப்பிரிவு எதுவும் அவர் கையில் இல்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்ற தடையும் இல்லை என்பதை வைத்தே அவர் நியாயம் செய்தார். நாடாளுமன்றம் தூங்கிய இடத்தில் ஒரு நீதிபதி விழித்திருந்தார் என்றே நாம் அதை எடுத்துக்கொள்கிறோம். விவாகரத்தின்போது கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்த 2010ஆம் ஆண்டின் திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை எடுத்துக்கொள்ளாமலேயே 2014இல் கலைந்தது, மசோதா காலாவதியானது. அதற்குப் பின் வந்த எந்த அரசும் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை. மகளிர் தினத்தன்று வெளியாகும் முழுப்பக்க விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் பட்டதில்லை.

இதன் விலையைத் தருவது அந்தப் பெண் மட்டும் அல்ல. ஜீவனாம்ச உத்தரவை வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு, வாரண்டு என்று ஆண்டுக்கணக்கில் அலையும் தாய், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பள்ளி மாற்றப்படும் பிள்ளை, ஓய்வூதியத்தில் மகளையும் பேரனையும் சேர்த்துக் காக்கும் தாத்தா என்று சுமை பல தோள்களில் ஏறுகிறது. நீதிமன்றம் உத்தரவிட்டும் கிடைக்காது என்ற செய்தி ஊருக்குள் பரவும்போது, அடுத்த வீட்டில் அடிபடும் பெண் வழக்குப் போடவே தயங்குகிறாள். வெறுங்கையோடு வெளியேறுவதைவிட உள்ளேயே கிடந்து சாவது மேல் என்று ஒருத்தி முடிவெடுத்தால், அந்த முடிவில் நம் நீதி நிர்வாகத்தின் கைரேகையும் இருக்கும்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவதற்குப் புதிய சட்டமே தேவையில்லை. குடும்ப நீதிமன்றங்களுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. சொத்துப் பிரமாணப் பத்திரம் இரு தரப்பிலும் தாக்கலாகாமல் வழக்கு அடுத்த கட்டத்துக்கு நகராது என்று சென்னை உயர் நீதிமன்றம் விதி செய்யட்டும். சொத்தைக் காக்கக் கோரும் மனு முதல் விசாரணை நாளிலேயே முடிவு செய்யப்பட வேண்டும் என்றும், தடை உத்தரவு அன்றைக்கே சார் பதிவாளருக்கும் வங்கிக்கும் மின்னணு வழியில் போய்ச் சேர வேண்டும் என்றும் அந்த விதி சொல்லட்டும். உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி பதிவு அலுவலகத்துக்கு ஓட, அதே நேரத்தில் கணவர் பின்வாசல் வழியாகக் கையெழுத்துப் போடும் நிலை இனியும் தொடரக் கூடாது. வில்லங்கச் சான்றில் அந்தத் தடை ஏறினால், விவரம் தெரியாமல் பணத்தைக் கொட்டி வாங்கும் அப்பாவியும் பிழைப்பார். பொய்ப் பிரமாணம் கண்டுபிடிக்கப்பட்ட வழக்குகளில் பொய்ச் சாட்சிய நடவடிக்கை உண்மையிலேயே எடுக்கப்பட வேண்டும். போலிக் கடனும் போலிக் கிரயமும் உருவாக்க வழிகாட்டிய வழக்கறிஞரை வழக்கறிஞர் மன்றம் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது சட்டமன்றத்தின் பொறுப்பு. திருமணமும் மணமுறிவும், விவசாய நிலம் நீங்கலான சொத்து மாற்றமும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவே. அந்த வழியில் தமிழ்நாடு முன்பே நடந்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்ட ஏற்பு தந்தது இந்தச் சட்டமன்றம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989இல் திருத்தம் செய்தது. நாடாளுமன்றம் அதே இடத்துக்கு வந்து சேர 2005 ஆனது. விவாகரத்து மனு தாக்கலான கணமே இரு தரப்பின் சொத்துகளும் விற்பனைக்கும் அடமானத்துக்கும் தானத்துக்கும் மூடப்படும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் உறவினருக்கு எழுதிய பத்திரங்கள் கேள்விக்கு உட்படும் என்ற திருத்தத்தை வரும் கூட்டத்தொடரிலேயே தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும். அது வரும்வரை குடும்ப நீதிமன்ற நீதிபதிகளின் கையில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு வழக்கிலும் கைமாறிய வீட்டுக்கு அந்த நீதிமன்றமும் பொறுப்பு.